சரண்டர் ஆன லாரி

லாரி தானே ஓடும். தானே பிரேக் போடும், தானே டோல்கேட்டில் ஒதுங்கி நிற்கும், மழை வந்தால் தானே கண்ணாடி துடைத்துக்கொள்ளும். அப்புறம் பூபதி எதற்கு? சட்டத்துக்கு.

நாளைக்கு எங்காவது இடித்து வைத்தால் இயந்திரத்தைக் கொண்டுபோய் ஜெயிலில் போட முடியுமா? கேஸ் எழுத ஒரு பேர் வேண்டும், ஊர் வேண்டும், அப்பன் பேர் வேண்டும். அதன் அப்பன் பேருக்கு எங்கே போவது? கம்பெனி முதலாளி பேரை எழுதலாம்தான். ஆனால் அந்த மாதிரி வேடிக்கையெல்லாம் நம் நாட்டில் நடக்காது. ஆகவே கனரக வாகன பேட்ஜ் வைத்திருக்கும் ஓர் ஆள், ஓட்டுநர் சீட்டில் கண் விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த உத்தியோகத்துக்குக் கம்பெனி கொடுத்த பேர் ‘பொறுப்பு ஓட்டுநர்’. சங்ககிரி லாரிக்காரர்கள் கொடுத்த பேர் ‘திருஷ்டி பொம்மை’. புது வீடு கட்டும்போது சாரத்தில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதேதான். வீட்டுக்காரனுக்கு வருகிற கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.

பூபதி பாதி ஆயுசை நிஜ ஸ்டீயரிங்கில் கழித்தவன். அவனும் செம்பண்ணனும் ஒரே வண்டியில் டபுள் டிரைவராக ஓடினார்கள். ஒருவன் ஓட்டினால் ஒருவன் பின்னால் படுக்கையில் குறட்டை விடுவான். நாக்பூர் வெயிலும் காஷ்மீர் பனியும் இருவருக்கும் பொது. தானாக ஓடும் வண்டிகள் வந்தபின் ஒரு லாரிக்கு ஒரு சீட்டு என்று ஆனது. அந்த ஒன்று பூபதிக்குக் கிடைத்தது. செம்பண்ணன் லாரிகள் நிற்கும் கம்பெனி யார்டிலேயே தார்ப்பாய் கட்டுகிற கூலி வேலைக்கு இறங்கினான்.

“என்ன மாப்ள, பொம்மை இன்னைக்கு எங்க போகுது?” என்பான் செம்பண்ணன், கயிற்றை இழுத்துக்கொண்டே.

“கொச்சிக்கு. போறது வண்டி. நான் சும்மா கூடப் போறன்.”

“சும்மா உக்காந்து சோறு திங்கறதுக்கும் குடுத்து வைக்கோணும்.”

சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். லாரிக்காரனை ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்காரவைத்து, ‘தொடாதே’ என்று சொல்லிப் பார்த்தால் தெரியும் அந்தச் சுகம். முதல் வாரம் பூபதியின் கை தன்னை அறியாமல் போய்ப் போய்ச் சக்கரத்தைப் பிடித்தது. பிடித்தபோதெல்லாம் அது ‘உர்ர்’ என்று அதிர்ந்து கையை உதறிவிட்டது. கால் பிரேக்கைத் தேடிற்று. பிரேக் இருந்தது, மிதித்தால் உள்ளே போனது, வண்டிதான் கண்டுகொள்ளவில்லை. நாளடைவில் கையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்க்கப் பழகினான். வேறென்ன செய்வது, பேட்ஜ் இருக்கும்வரைதான் சோறு. ஒரு கேஸ் விழுந்தால் பேட்ஜ் போய்விடும், அந்த வயதில் வேறெங்கும் சீட்டும் கிடையாது.

அன்றைக்குப் பவானி தாண்டி நல்ல வெயில். கொன்னமரத்துப் பிரிவு என்ற இடத்தில் சர்வீஸ் ரோடு வந்து பெரிய ரோட்டில் சேரும். எவனோ டிப்பர்காரன் வளைவில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். மில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, ஸ்கூட்டியில் டிபன் பையோடு அந்த வளைவில் திரும்பினாள். மணலில் சக்கரம் வாரிவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவள் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது லாரியின் பக்கவாட்டில்.

நியாயத்தைச் சொல்லவேண்டும், லாரி பிரேக் அடித்தது. பூபதி அடித்திருந்தால்கூட அவ்வளவு சுருக்காக அடித்திருக்க மாட்டான். ஆனாலும் பின்சக்கரம் அவள் காலில் ஏறி இறங்கிவிட்டது. லாரி நின்றது. பூபதி கதவுப் பிடியில் கை வைத்தான். அதற்குள் லாரி மறுபடி கிளம்பிவிட்டது.

“டேய், நில்லுடா” என்றான் பூபதி. யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணாடியில் பார்த்தான். அவள் கை தூக்கித் தூக்கி விழுந்தது. உயிர் இருக்கிறது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கோயம்புத்தூர் கண்ட்ரோல் ரூமில் தாரிணி என்ற இன்ஜினியர் பெண் பேசினாள். பூபதி பலமுறை பேசியிருக்கிறான், நல்ல பெண்தான்.

“அண்ணா, பதறாதீங்க. வண்டி பாத்துக்கும்.”

“அம்முணி, வண்டிய நிறுத்தச் சொல்லு. புள்ள கெடக்குது. கை அசையுது, கண்ணாடியில பாத்தன்.”

“ஆம்புலன்ஸுக்கு வண்டியே தகவல் குடுத்துருச்சுண்ணா. அது இன்னொரு இடத்துல இருந்து கிளம்பி வரணும். நம்ம வண்டி இப்ப பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டிருக்கு.”

“ஸ்டேஷனுக்கா? அங்க எதுக்கு?”

“சரண்டர் ஆக.”

பூபதிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“அதுக்கு அத யாரு சொல்லிக் குடுத்தது?”

அந்தப் பக்கம் தாரிணி தயங்கினாள். “நீங்கதாண்ணா. நீங்க எல்லாரும்தான்.”

உண்மைதான். சங்ககிரியில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, பலகையில் லாரி கேபின் மாதிரி செய்து, எதிரே பெரிய திரை கட்டி, ஊரில் உள்ள டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். மத்தியானம் பிரியாணி. திரையில் மாடு வரும், மழை வரும், எதிரே பஸ் ஏறி வரும். டிரைவர்கள் வெட்டி ஒடித்து ஓட்டினார்கள். இயந்திரம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒருமுறை திரையில் சைக்கிள்காரன் ஒருவன் குறுக்கே வந்து அடிபட்டு விழுந்தான். ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லா டிரைவரும் ஆக்சிலேட்டரை மிதித்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர்கள், ‘ஏன் நிற்கவில்லை?’ என்று கேட்டார்கள். மண்டபமே சிரித்தது. “நின்னா வீட்டுக்கு யாருங்க உசுரோட போறது?” என்றான் செம்பண்ணன்.

லாரிக்காரனுக்கு அது பாலபாடம். அடிபட்டால் நிற்காதே, கண்ணாடியில் பார்க்காதே. நேரே ஸ்டேஷனுக்குப் போ, சாவியை மேஜையில் வை, சுவரோரம் உட்கார். போலீஸ்காரன் அடி எலும்போடு போகும், ஊர்க்காரன் அடி உயிரோடு போகும். பூபதியின் பெரியப்பா மகன் தண்டபாணி வடக்கே ஓரிடத்தில் அடிபட்ட கிழவருக்குத் தண்ணீர் கொடுக்க இறங்கினான். கிழவர் பிழைத்துக்கொண்டார். தண்டபாணியைக் கல்லாலேயே அடித்துக் கொன்றார்கள். சாக்குப்பையில் கட்டித்தான் வீட்டுக்கு வந்தது உடம்பு. இதையெல்லாம் பார்த்தவன் எவன் நிற்பான்?

“அம்முணி, நாங்க உசுருக்குப் பயந்து ஓடுனோம். இதுக்கு என்ன வந்துச்சு? இத அடிச்சா எலும்பா முறியப் போகுது?”

“அதுக்குப் பயமெல்லாம் தெரியாதுண்ணா. நீங்க என்ன செஞ்சீங்கங்கிறது மட்டும்தான் தெரியும். சரக்குக்கும் சேதாரமில்லைன்னு மேல இருக்கறவங்களும் அப்படியே விட்டுட்டாங்க.”

“அப்ப வண்டிய என்ற கையில குடு.”

“முடியாதுண்ணா. அடிபட்ட அப்புறம் மனுஷன் கையில குடுக்கக் கூடாதுன்னு விதி. கை நடுங்கும்னு.”

“என்ற கை நடுங்கல” என்றான் பூபதி. அது வெலவெலவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவ்வளவு நேரம் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். ரோட்டில் ரத்தம் போவதை அவன் நிறையப் பார்த்திருக்கிறான், எல்லாவற்றையும் ஓடுகிற வண்டியிலிருந்தே பார்த்திருக்கிறான். கொஞ்ச தூரத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். லாரி அதற்குள் வளைந்து வளைந்து போக வேகத்தைக் குறைத்தது. பூபதி பெல்ட்டைக் கழற்றினான்.

“அண்ணா, சீட்ட விட்டு எந்திரிக்காதீங்க. கேஸ் உங்க மேல வந்துரும். அண்ணா, நான் சொல்றதக் கேளுங்க.”

அவன் கேட்கவில்லை. கதவைத் திறந்து குதித்துவிட்டான். இளவட்டமென்றால் குதித்து எழுந்து ஓடியிருப்பான். இவன் உருண்டான், முட்டி பிய்ந்தது, இடுப்பில் ஏதோ பிசகியது. ‘முருகா’ என்று எழுந்து, எதிர்ப்பக்கம் வந்த ஒரு பைக்கை மறித்து ஏறிக்கொண்டான். லாரி அவன் இல்லாமலேயே சரண்டர் ஆகப் போய்விட்டது.

பிரிவில் கூட்டம் சேர்ந்திருந்தது. அடிபட்டவளைச் சுற்றி வட்டமாக நின்று ஆளாளுக்குச் செல்போனில் படம் பிடித்தார்கள். தொடவில்லை. தொட்டால் கேஸ் வருமாம். ஒருவன் கையில் வேலிக்கல்லை வைத்துக்கொண்டு, “அந்த லாரிக்காரன் மட்டும் கெடைக்கட்டும்” என்று உறுமினான்.

பூபதி கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனான். போகிற போக்கிலேயே கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டான். அவள் தொடையை இறுக்கிக் கட்ட அந்தச் சட்டைதான் ஆயிற்று. கட்டுவதற்காகக் கழற்றினானா, கம்பெனி பேர் தெரியக்கூடாது என்று கழற்றினானா? இரண்டுக்கும்தான். அதிலென்ன வெட்கம்.

“நீங்க யாருங்க? உங்களையும் இடிச்சுப்போட்டானா?” என்று கல் வைத்திருந்தவன் கேட்டான், முட்டியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு.

சொல்லியிருக்கலாம். ‘நான்தான் அந்த லாரிக்காரன்’ என்று. சொன்னால் அவளும் சாவாள், இவனும் சாவான். தண்டபாணியின் சாக்குப்பை கண்முன் வந்தது.

“வழியில போனவனுங்க” என்றான் பூபதி.

“லாரியப் பாத்தீங்களா?”

“மேக்கால போச்சுங்க. பேச்ச விடுங்க, ஒரு வண்டியப் புடிங்க சாமி.”

வாழைத்தார் ஏற்றிவந்த குட்டியானை வேன் ஒன்று நின்றது. தார்களின் மேல் அவளைக் கிடத்தி, கட்டிய துணியைப் பூபதி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனான். பேர் கேட்டான். “தன்ஷிகா” என்றாள். தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தான். “எந்த மில்லு சாமி? என்ன டிபன் கொண்டாந்த? தக்காளிச் சோறா? கண்ண மூடாத கண்ணு.”

ஆஸ்பத்திரியில் டாக்டர், “கட்டுப் போட்டது யாரு? இல்லேன்னா பொண்ணு உயிரோட வந்து சேர்ந்திருக்காது” என்றார். கால் போகும், உயிர் நிற்கும் என்றார். தகப்பன் வந்தான். விசைத்தறி ஓட்டுகிற வேலப்பன், தறிப் பஞ்சு தலையோடு ஓடி வந்திருந்தான். யாரோ பூபதியைக் காட்டினார்கள். அவன் பூபதியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, “அந்த லாரிக்காரன் என்ற கையில கெடச்சான்னாங்க...” என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் அழுதான். பூபதிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பூபதி அந்த டீயைக் குடித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போனான். லாரி வாசலில், ஓரமாக, கோடு போட்ட மாதிரி நின்றது. நான்கு பக்கமும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

“வாய்யா, உன்னத்தான் தேடறோம்” என்றார் எஸ்.ஐ. “லாரி ஒழுங்கா வந்துருச்சு. நடந்தத அதுவே சொல்லிருச்சு. நீதான் வரல.”

“நான் திரும்பிப் போனனுங்க. அந்தப் புள்ளையத் தூக்க.”

“வண்டி சொல்றது, பொறுப்பு ஓட்டுநர் பாதி வழியில குதிச்சுத் தப்பி ஓட்டம்னு. நீ போனத யாராவது பாத்தாங்களா?”

“ஒரு ஊரே பாத்ததுங்க.”

“பாத்துச்சு. விசாரிச்சாச்சு. பனியனோட ஒருத்தர் வந்தாராம், வழிப்போக்கராம். லாரி மேக்க போச்சுன்னு அடையாளம் சொன்னதே அவருதானாம். தங்கமான மனுஷனாம். டிரைவரத்தான் ஒருத்தனும் பாக்கல.”

“அந்த ஆளு நாந்தானுங்க.”

எஸ்.ஐ. அவனை ஏற இறங்கப் பார்த்தார். கெட்டவரில்லை, களைத்தவர். “அப்படிச் சொன்னா இன்னும் மோசம்யா. ஓடுனதோட, பொய் சொல்லி ஊர ஏமாத்துனதும் சேரும். வக்கீல் ஒத்துக்க விடுவானா?”

இருந்தாலும் வேலப்பனை ஆள் விட்டுக் கூப்பிட்டார். வேலப்பன் வந்தான். வாசல் லாரியைப் பார்த்தான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூபதியைப் பார்த்தான். “இவருங்களா? இவரு நல்லவருங்க, எதுக்கு இங்க உக்கார வெச்சிருக்கீங்க?” என்றான். எஸ்.ஐ. சொன்னார். அவனுக்கு ஏறவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

“அப்பறம் ஏனுங்க வழியில போனவன்னு சொன்னீங்க?” என்று வேலப்பன் பூபதியைக் கேட்டான்.

“கல்லு வெச்சிருந்தாங்க” என்றான் பூபதி.

“எங்கிட்டயுமா கல்லு இருந்துச்சு? ஆஸ்பத்திரியில டீ குடிச்சப்ப சொல்லியிருக்கலாமே. அந்தக் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டனே.” வேலப்பன் தோள் துண்டை எடுத்துக் கண்ணை அழுத்தி அழுத்தித் துடைத்தான். பிறகு எஸ்.ஐ. நீட்டிய புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பூபதியைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஓடிய லாரிக்கு ஒழுக்கச் சான்று. நின்ற மனுஷனுக்குத் தப்பியோட்டக் கேஸ். பூபதியை உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டார்கள். பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டார்கள். கேஸ் ஆற அமர நடக்கும், அவன் பேரனுக்கு மீசை முளைக்கும்வரைகூட நடக்கும்.

யார்டில் தன் படுக்கை துணிமணிகளை எடுக்கப் போனபோது தாரிணி வந்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து அவனைப் பார்க்கவே வந்ததாகச் சொன்னாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“நாம பேசினதெல்லாம் பதிவு இருக்குண்ணா. நீங்க எதுக்குக் குதிச்சீங்கன்னு அதுல தெளிவா இருக்கு. கேட்டேன், தர மாட்டேங்கறாங்க. கம்பெனி ரகசியமாம்.”

“விடு அம்முணி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. வண்டிங்க நாம செய்யறதப் பாத்துத்தான கத்துக்குது? நான் செஞ்சதையும் பாத்திருக்குமில்ல? இனி அடிபட்டா நிக்குமில்ல?”

பேட்ஜ் போனது போகட்டும், இது ஒன்றாவது மிஞ்சினால் போதும் என்று ஜெயிலில் படுத்துக்கொண்டு அவன் நினைத்து வைத்திருந்தது இதைத்தான். ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தாரிணி தரையைப் பார்த்தாள். “அது எல்லாரும் செய்யறதத்தான் பாடமா எடுக்கும்ணா. அத்தன பேரு ஓடியிருக்காங்க, நீங்க ஒருத்தர்தான் திரும்பிப் போயிருக்கீங்க. ஒத்தையா இருக்கறத அது பிழைன்னு ஒதுக்கிரும். ஒதுக்கிருச்சு.”

“பிழையா?”

“ஆமாண்ணா.”

“அப்ப ஒண்ணுமே மாறலையா?”

“ஒண்ணு மாத்தியிருக்காங்க” என்றாள் அவள், மிக மெதுவாக. “கதவு. இனி யாராவது அடிபட்டா, வண்டி சரண்டர் ஆகிற வரைக்கும் கதவும் பெல்ட்டும் திறக்காது.”

யார்டின் அந்தக் கோடியில் அவன் லாரி தார்ப்பாய் கட்டிக் கிளம்பத் தயாராக நின்றது. பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு செம்பண்ணன். பூபதியைக் கண்டதும் திருடன் மாதிரி முழித்தான். பிறகு தானே நடந்து வந்தான்.

“கோவிச்சுக்காத மாப்ள. சீட்டு காலியா இருந்துச்சு, கூப்புட்டாங்க. என்ற வீட்டு நெலம உனக்குத் தெரியாததா?”

“நான் எதுக்குக் கோவிச்சுக்கறன். நீ போவலீன்னா வேற எவனோ போவான்.” பூபதி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டான். “கதவு தெறக்காதாம். சொன்னாங்களா?”

“சொன்னாங்க. தெறந்தா மட்டும் நான் குதிக்கவா போறன்?” என்று சிரிக்கப் பார்த்தான் செம்பண்ணன். சிரிப்பு வரவில்லை.

“செம்பா, நாம எல்லாரும் ஓடிக் காட்டித்தான் அது ஓடுது. மறுபடியும் மண்டபத்துல வெச்சு ஓட்டச் சொல்லுவாங்க. அப்ப எல்லாரும் நின்னு காட்டலாம். திரையில என்ன கல்லா வந்து உழுகப் போகுது? எல்லாரும் நின்னா அது நிக்கும்.”

செம்பண்ணன் அதை யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றி சுருங்க. லாரியின் ஹாரன் ஒருமுறை அடித்தது, ஏறச் சொல்லி. அவன் போய் ஏறினான். ஏறி உட்கார்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டான்.

“சரி மாப்ள. மொதல்ல எவன் நிப்பான்?”

“நான் நின்னனே” என்று பூபதி வாயெடுப்பதற்குள் கதவு செம்பண்ணன் கையிலிருந்து நழுவித் தானே சாத்திக்கொண்டது. பூட்டு விழும் சத்தம் வெளியே நின்றவனுக்கும் கேட்டது.